பெட்டி மூடமுதல் வெட்டின இடம்

எங்கட பக்கத்தில செத்தவீடு எண்டால் வீடியோ எடுக்காமல் விடமாட்டம். வரேலாத சொந்தம் பாக்கவேணுமே. அப்பாவின்ர செத்தவீட்டை எடுத்தது அம்மாவுக்காக. அம்மா அப்ப தமிழ்நாட்டு அகதி முகாமில. நானும் அப்பாவும்தான் முதல்ல தலைமன்னாருக்குத் திரும்பி வந்தனாங்கள், வீட்டைத் திருத்தி வைக்க. தங்கச்சியின்ர படிப்பு முடிய அவளோட வாறதெண்டு அம்மா நிண்டிட்டா.

அப்பா ஒருநாள் கடலால வந்து படுத்தவர், எழும்பேல்லை. முகாமில இருந்து வெளிக்கிட அனுமதிக் கடுதாசி எடுக்கிறது லேசுப்பட்ட காரியமில்லை. அதுமட்டும் செத்தவரை வைச்சிருக்க ஏலுமோ? அம்மா வராமலே அடக்கினம். போனில அவ ஒண்டுதான் கேட்டவ.

"அவற்ர முகத்தை எனக்கு ஒருக்காத் தெளிவாக் காட்டு பிள்ளை."

முகாமில இருந்து காணி பாக்க வந்திருந்த மாமி ஒராள் அந்தக் கிழமை திரும்பிப் போறா எண்டு கேள்விப்பட்டன். பின்னேர பஸ்ஸில கொழும்பு, அங்கயிருந்து பிளேன். அவவிட்டக் குடுத்துவிடவேணுமெண்டு காலமையே வீடியோக்காரத் தம்பியின்ர கடையில போய் நிண்டன். கையில புதுப் பென் டிரைவ், பதினாறு ஜிபி.

அவன் பென்னைக் குத்தினான், இழுத்துப் போட்டான். "ஏறாதாம் அக்கா. ஃபைல் பெரிசாம், அஞ்சு ஜிபி."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் பிறவியிலயே கோபக்காரி. "பதினாறு பிடிக்கிற பென்னில உன்ர அஞ்சு ஜிபி போகாதோ? ஆருக்குக் கதை விடுறாய்?"

"பென் நல்ல பென்தான் அக்கா, இடமும் கிடக்கு. ஆனா இதின்ர அமைப்பு அப்பிடி. ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல போனால் ஏற்காது."

கடற்கரையில எங்கட மீன்வாடிக் காணியும் அப்ப அப்பிடித்தான். இடம் வெறுமனே கிடக்கும், நேவிக்காரர் உள்ள விடமாட்டினம்.

பென்னை வேற மாதிரி ஃபோர்மட் பண்ணினால் முழுசா ஏறும் எண்டான். ஆனா அது கொம்பியூட்டரில ஓடும், பழைய டிவிடி பெட்டியில ஓடாதாம். முகாமில கிடக்கிறது பழைய பெட்டிதான். டிவிடி தட்டில அடிச்சுக் குடுப்பமெண்டால் அந்தப் பெட்டி தட்டு வாசிக்கிறதை விட்டு எவ்வளவோ காலம், பென் குத்துற ஓட்டை மட்டும்தான் வேலை செய்யுது.

"அப்ப படத்தைச் சுருக்கித் தாறன்."

"முகம் தெளிவா இருக்குமோ?"

"கொஞ்சம் மங்கும்."

"அப்ப வேண்டாம்."

"பிறகென்ன, ரெண்டா வெட்டுறதுதான். நடுவில வெட்டட்டோ?"

"விசரே உனக்கு? ஆளை நடுவில வெட்டுவியோ?"

அவன் கோவிக்கேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" எண்டான். செத்தவீடு முடிஞ்சு அப்பதான் நான் முதல்முதல் அதைப் பாக்கிறன். அவன் ஓட்டி ஓட்டிக் காட்டினான்.

சவப்பெட்டி மூடமுதல் சொந்தக்காரர் எல்லாரும் நெத்தியில முத்தம் வைச்சுக் கொஞ்சுவினம். கடைசியாப் பெண்சாதி கொஞ்சவேணும், அதுக்குப் பிறகுதான் மூடி. அண்டைக்கு நாங்கள் எல்லாரும் கொஞ்சிப்போட்டு விலகினம். தலைமாட்டில ஒருத்தருமில்லை. பூசை வைச்ச சுவாமியும் ஒரு அடி பின்னால தள்ளி நிண்டவர். கமரா அப்பாவின்ர முகத்திலயே நிண்டது. பிறகுதான் மூடியைத் தூக்கினவை.

"இவடத்தில வெட்டு தம்பி" எண்டன். சொல்லி முடிக்கேல்லை, அழுகை வந்திட்டுது.

ஒண்டு, ரெண்டு எண்டு பேர் போட்டு ஏத்தினான். ரெண்டும் ஏறிச்சுது. மாமி பென்னை லேஞ்சித் துண்டில முடிஞ்சு நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு போனா.

அடுத்த கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். தலைமாட்டில ஒருத்தரும் இல்லாத அந்த இடம் வந்ததும் அம்மா எழும்பிப் போய் ரீவியில கொஞ்சினவவாம். அடுத்த ஃபைல் தன்பாட்டில ஓட வெளிக்கிட்டு, மூடியைத் தூக்கிற கை தெரிஞ்சதாம். அம்மா பென்னைப் பிடுங்கிப்போட்டா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய முதலாவதைப் போடுவா. ரெண்டாவதைத் தொட விடமாட்டா. இங்க நான் ஞாயிறு ஞாயிறாச் சேமக்காலைக்குப் போய் அடக்கின குழியடியில மெழுகுதிரி கொளுத்திறன், அங்க அவவுக்கு அப்பா இன்னும் மூடாத பெட்டியில கிடக்கிறார். எனக்குப் பொறுக்கேல்லை. "அம்மா, அவரை அடக்கியாச்சு" எண்டு போனில கத்திப்போட்டன். அவ போனை வைச்சிட்டா.

தங்கச்சியின்ர படிப்பு முடிய ரெண்டுபேரும் வந்து சேந்தவை. அம்மா அப்பாவின்ர வலையைத் தடவிப் பாத்தா, படுத்த கட்டிலைப் பாத்தா. சேமக்காலைக்குப் போவம் எண்டு மட்டும் கேக்கேல்லை. நாங்களும் கூப்பிடேல்லை.

ஒருநாள் காலமை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, பென் முடிஞ்சிருந்த லேஞ்சியை அவிட்டா.

"மற்றதைப் போடு பிள்ளை."

ரீவியில மூடி வந்தது. ஆணி அடிச்சவை. தூக்கிக்கொண்டு போய்க் குழியில இறக்கினவை. அம்மா அசையாமல் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு எல்லாரும் ஒவ்வொரு பிடி மண் போட்டவை. என்ர முறை வந்தது, போட்டன். போட்டிட்டு விலகாமல் திரும்பவும் குனிஞ்சு இன்னொரு பிடி அள்ளிறன்.

"அது ஆருக்கு?" எண்டு கேட்டா அம்மா.

"அது உங்கட பிடி அம்மா."

அவ அதுக்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதவ.