பழைய லைனில் ஒரு குழந்தை

என் கையெழுத்தைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொன்ன தம்பி பிழைகளைத் திருத்திவிடுவார். நேரில் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நரேலாவில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்க ஒரு பையன் வந்தான். தையல் நூல்போல மெல்லிய கம்பி. உள்ளே இருப்பது கண்ணாடி என்றும், அதில் சத்தம் போகாது, வெளிச்சம்தான் போகும் என்றும் இந்தியில் விளக்கினான். என் மகள் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் எனக்குப் பதினொன்று பன்னிரண்டு வயதிருக்கும். நாங்கள் தில்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் இருந்தோம். மழைக்காலத்தில் பக்கத்துச் சாக்கடைக் கால்வாயான நாலாவில் தண்ணீர் ஏறினால் எங்கள் ஜுக்கிக் குடிசைக்குள் வந்துவிடும். வந்தால் அம்மா என்னை மட்டும் கிட்வாய் நகரில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். அவர்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் சின்னதுதான், ஆனால் தண்ணீர் ஏறாது. இப்போது அந்தக் கட்டடங்களே இல்லை, இடித்துவிட்டுக் கோபுரம் கோபுரமாகக் கட்டியிருக்கிறார்கள்.

அத்தைக்கு ஒரு மகன், எனக்கு அத்தான். அவருக்குப் பின்னால் ஒரு பெண் பிறந்து நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. நான் பார்த்ததில்லை. ஆனால் அது எப்படிப் பேசும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரு சமத்து, யாருக்குப் பால் என்று எது கேட்டாலும் கண்ணை விரித்துக்கொண்டு "நானா?" என்று கேட்குமாம். "நீதான்டி" என்று அத்தை சொன்னால்தான் சிரிக்குமாம்.

வீட்டில் ஒரு போன் இருந்தது. முன்னறையில் ஒரு கருவி, உள்ளறையில் மாமாவே ஒட்டுப்போட்டு இழுத்து வைத்த இன்னொன்று. கம்பி சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து, சுவரோரமாக ஆணியில் தொங்கி, இடையிடையே கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகளோடு போகும். வருடா வருடம் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு அதன்மேலும் ஏறி, சுவரில் நரம்பு புடைத்தது போலிருக்கும்.

அந்த வருடத்து மழையில்தான் முதலில் பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, மாமா ஆபீசிலும் அத்தான் வெளியிலும் இருந்த நேரம். நான் தூங்குகிறேன் என்று அத்தை நினைத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, எந்த நம்பரையும் சுழற்றாமல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். எதையோ உற்றுக் கேட்டாள். பிறகு மெல்ல, "நீதான்டி... நீதான்" என்றாள்.

நான் மெல்ல எழுந்தேன். உள்ளறைக்கு நழுவிப்போய் அங்கிருந்த ரிசீவரை எடுத்தேன். தகரத்தில் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சல். அதற்குப் பின்னால், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து, ஓர் ஆள் இருமினான். அப்புறம் ஒரு குழந்தை. "நானா... நானா..." என்று மிகவும் சன்னமாக, யாரையோ தேடுவதுபோல. பக்கத்தில் அத்தையின் குரல், "நீதான்டி." தேடிய குரல் நின்றது. பிறகு அந்தக் குழந்தை சிரித்தது.

இந்தி எனக்குத் தமிழைவிட நன்றாக வரும், கேம்ப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். இருந்தும் அந்த வீட்டுக்குள் இருந்தபோது அந்தச் சொல் எனக்குத் தமிழாகத்தான் கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். அதற்குப்பின் அந்த வீட்டில் சுவரோரமாகப் படுக்க மாட்டேன்.

குரல் எல்லா நாளும் வராது. மழை பெய்து சுவர் ஊறிய நாட்களில், மதியத்தில் மட்டும் வரும். மாமாவுக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஒம்பொண்ணு இன்னிக்குப் பேசுனாளா? பேசுனா அப்பனையும் ஒரு வார்த்த கேக்கச் சொல்லு" என்றார். கேலிபோலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலியாக இல்லை. அத்தை அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வருடம்தான் பிராட்பேண்ட் என்ற ஒன்று தில்லியில் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. அத்தானுக்கு, வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. வீட்டிலேயே செய்யலாம். லைன் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். மோடம் என்று ஒரு பெட்டி வந்து மேசையில் உட்கார்ந்தது. மழை வந்து லைன் இரைந்தால் அதன் பச்சை விளக்கு துடிதுடித்து அணைந்துவிடும். பழைய கம்பியை முழுக்கப் பிடுங்கிவிட்டு, ஒட்டே இல்லாமல் புதுக் கம்பி ஒன்றை நேராக இழுக்க வேண்டும் என்று டெலிபோன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் வேலை கொடுத்தவர்கள் மாதக் கடைசிவரைதான் பொறுப்போம் என்றார்கள்.

லைன்மேன் வந்தபோதெல்லாம் அத்தை ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினாள். அத்தானுக்குத் தெரிந்துபோய்விட்டது.

"ஏம்மா, அந்தாளு வந்தப்ப ஊட்ல ஆம்பள இல்லன்னு சொன்னியா?"

"மழைல செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுடா. கரண்டு அடிக்கும்."

"போன் கம்பில என்னா கரண்டு? வேல போயிடும்மா. போனா ஒன்கூட ஒக்காந்து பட்டாணி உரிக்கவா?"

"உரியேன். கை தேஞ்சா போயிடும்?"

அத்தான் சிரிக்கவில்லை. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "அது கிராஸ் டாக்கும்மா. வேற யாரோ பேசுறது" என்றார். அத்தை மோட்டுவளையைப் பார்த்தபடி, "வேற யாரோன்னா நான் சொன்னதும் ஏன்டா சிரிக்கிது?" என்றாள். அத்தான் எழுந்து போய் மோடத்தை அணைத்துப்போட்டார். எனக்கோ, அவர் பதில் சொல்லாததுதான் குரலைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில் அத்தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன்மேனைக் கையோடு கூட்டிவந்தார். மெலிந்த ஆள், வாயில் குட்கா. எங்கள் பிளாக்குக்கும் பின்பக்கத்து பிளாக்குக்கும் சேர்த்துப் பின்சுவரில் ஒரு பெட்டி இருந்தது. அதைத் திறந்ததும் பல்லி முட்டைகள் உதிர்ந்தன. உள்ளே பார்த்துவிட்டு அவர் இந்தியில் சொன்னார், இரண்டு வீட்டுக் கம்பிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கின்றன, எத்தனை வருடமாகவோ என்று.

எந்த வீடு என்று உறுதிசெய்ய வேண்டுமாம். அதற்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. இந்த வீட்டுப் போனில் ஓர் ஆள், அந்த வீட்டுப் போனில் ஓர் ஆள், இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். லைன்மேன் பெட்டியில் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்ப்பார். அத்தான் கம்ப்யூட்டர் மேசையை நகர்த்திக்கொண்டிருந்தார். மாமா பால் வாங்கப் போயிருந்தார். எங்கள் போனுக்கு அத்தை, அந்தப் போனுக்கு நான். முன்பின் தெரியாத வீட்டில் போய்ப் பேச வேண்டும் என்றதும், ஹலோ என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பின் பிளாக்கில் கீழ்வீடு. கதவைத் திறந்தவர் ஒரு கிழவர். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆனவராம். வீடெல்லாம் டிங்சர் மருந்து வாசனை. காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார். பகலிலும் எல்லா விளக்கையும் எரியவிட்டிருந்தார். போன் இருந்த மேசையிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தார்.

லைனைச் சரிசெய்ய வந்திருக்கிறோம் என்று நான் கையைக் காட்டிப் புரியவைத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் மதியத்தில் போன் செய்து பேத்தியிடம் கொடுப்பாளாம். இவருக்கு ஒன்றும் கேட்காதாம். நாலு முறை ஹலோ என்று கத்துவாராம், இருமுவாராம், வைத்துவிடுவாராம்.

"பேத்தி நேரில் வரும்போது என்ன சொல்கிறாள் தெரியுமா? நானா வீட்டில் ஒரு ஆன்ட்டி இருக்கிறாள், நான் கூப்பிட்டால் அவள்தான் பேசுகிறாள் என்கிறாள். நீயே பார் பேட்டா. இந்த வீட்டில் பெண்பிள்ளை யாராவது உண்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தியில் நானா என்றால் அம்மாவின் அப்பா. அந்தக் குழந்தை தாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கிழவர் விடவில்லை. அந்த ஆன்ட்டி ஒரே சொல்லைத்தான் சொல்கிறாளாம், நிதான், நிதான் என்று. இந்தியில் நிதான் என்றால் நோய் இன்னதென்று கண்டு சொல்வது. கம்பவுண்டராக இருந்தவருக்கு வேறெப்படிப் புரியும்? தனக்கு ஏதோ வியாதி இருக்கிறது, அதைத்தான் யாரோ சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தமெல்லாம் சோதித்துவிட்டாராம். சொல்லும்போது அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் பயந்த குரலுக்குப் பின்னால் உயிரோடு ஒரு குழந்தை இருந்தது. இந்த வீட்டில் இவர் பயந்துகொண்டிருந்தது என் அத்தைக்கு.

ரிசீவரை எடுத்தேன். அதே தூறல் இரைச்சல். ஜன்னலுக்கு வெளியே லைன்மேன் பெட்டிக்குள் கையை விட்டபடி என்னைப் பார்த்து, "து போல்!" என்று கத்தினார். நீ பேசு என்கிறார். சொல்ல வேண்டியது ஹலோ என்பது மறந்துபோனது. பதற்றத்தில் எனக்கு வந்தது தமிழ்தான்.

"நானா?" என்றேன், ரிசீவருக்குள்ளேயே.

கிழவர் என் உதட்டைப் பார்த்து, தன்னைத்தான் தாத்தா என்று கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஹான் பேட்டா, ஹான்" என்று ஆமோதித்து என் தலையில் கையை வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

ரிசீவரில் இரைச்சல்கூட நின்றதுபோல இருந்தது. பிறகு அத்தையின் குரல், என் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல. "நீதான்..." என்று ஆரம்பித்து நின்றது. ஒரு மூச்சு கேட்டது.

"நீயாடா?"

"ஆமாத்தே."

"சரி. வச்சிட்டு வா. சோறு ஆறுது."

நான் திரும்பி வந்தபோது அத்தான் அலமாரியை நகர்த்த முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அத்தையே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொடுத்தாள். லைன்மேன் கம்பியைச் சுண்ணாம்போடு உரித்து இழுத்தார். அது போன வழி முழுக்கச் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மோடத்தின் பச்சை விளக்கு ஆடாமல் நின்றது. அத்தான் மாமாவை இழுத்துவந்து காட்டினார். மாமா அதை விளக்கேற்றிய சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானா, நிதான், ரத்தச் சோதனை எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். பேய் இல்லை என்று தெரிந்த சந்தோஷம் எனக்கு. அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளைக்கு இன்னா வயசாம்?" என்றாள்.

"கேக்கல."

"இனிமே அது கூப்ட்டா யாரு பேசுவா?"

"அவங்க தாத்தா இருக்காரே அத்தே."

"அவருக்குத்தான் காது கேக்காதுன்னியே."

 அவள் ரிசீவரை ஒருமுறை எடுத்துக் காதில் வைத்தாள். புது லைனில் டயல் டோன் மட்டும் கணீரென்று கேட்டது, எனக்கே கேட்டது. முந்தானையால் ரிசீவரைத் துடைத்து வைத்துவிட்டாள். பின் பிளாக் கூப்பிடு தூரம்தான். அத்தை ஒருநாளும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மழை விட்டு நான் கேம்புக்குத் திரும்பும்வரை என்னிடம் முன்போலத்தான் இருந்தாள். முகத்தை மட்டும் சில நேரம் உற்றுப் பார்ப்பாள், என் வாயை.

பழைய கம்பியைப் பிடுங்கியதால்தான் அத்தையின் பிள்ளை இரண்டாம் முறை போனது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். லைன்மேன்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. கம்பியில் அவர் கைவைப்பதற்கு முன்பே, பின் பிளாக்கில் நின்று நான் சொன்ன ஒற்றைச் சொல்லில் அவள் என் குரலைக் கண்டுகொண்டபோதே அது நடந்து முடிந்திருந்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

நரேலா, தில்லி
21 செப்டம்பர் 2025, ஞாயிறு