கண்ணுக்கு ஒரு நிற அட்டை

தினமும் காலையில் அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் தன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து, பக்கத்தில் நிற அட்டையை வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார். வெள்ளையில் தொடங்கி மஞ்சளில் முடியும் பன்னிரண்டு கட்டங்கள். பல் துலக்குவது அதற்குப் பிறகுதான். "ரெண்டாம் நம்பர். தந்தம். வண்டி ஓடும்" என்று மகளிடம் அறிவித்துவிட்டுப் போவார்.

பெயிண்ட் கடையில் முப்பத்தோரு வருடமாக நிறம் கலக்கிறவர். இயந்திரம் வந்த பிறகும், சுவரிலிருந்து பெயர்த்த சில்லோடு வருகிறவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு தடவி, ஊதிக் காயவைத்து, சில்லோடு சேர்த்துப் பார்ப்பார். "சொன்னதை மெஷின் கலக்கும், எதிர்த்துப் பேசாது. அது ஒண்ணுலதான் என்னைவிட ஒசத்தி."

அவருக்குப் பித்தநாளத்தில் வந்த புற்றை வெட்டியெடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது; அது திரும்பினால் கண்ணில் மஞ்சள் ஏறும் என்பதால்தான் இந்தக் காலைச் சோதனை. போன மழைக்காலத்தில் ஒரு காலை, "மூணாயிடுச்சும்மா" என்றார்.

மகளுக்கு ஆய்வகக் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் வேலை. "மேகம் மூடியிருக்குப்பா. வெளிச்சம் மாறினா ஷேடும் மாறும். உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. அதற்குள் ஐந்தாம் கட்டம். உடம்பெல்லாம் அரிப்பு. பழைய இடத்திலேயே புற்று திரும்ப வந்திருந்தது. கல்லீரலிலும் நான்கு புள்ளிகள். இனி வெட்ட முடியாது, முழுதாகப் போகாது என்றார்கள். அடைப்பில் குழாய் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அரிப்பு நின்றது, மஞ்சள் இறங்கியது. மகளின் நெஞ்சிலிருந்து அந்த மூன்று வாரம் இறங்கவில்லை.

நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. புதிய புள்ளி இல்லை. இருந்த நான்கும் வளரவில்லை. போக எழுந்த மகள் மறுபடி உட்கார்ந்து, மருத்துவரிடம் அந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்டாள்.

"அப்பவே வந்திருந்தாலும் இதே குழாய், இதே மருந்துதான். புள்ளி அதுக்கு முன்னாடியே பரவியிருக்கு."

வெளியே வந்ததும் அப்பா நின்றார். "இதையா இத்தனை நாள் சுமந்துட்டிருந்தே? ஒரு பெயிண்ட் டப்பாவைத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிக்கும்பியே!"

அவள் சிரித்தாள். வண்டியில் வீடுவரை அழுதாள்.

இன்று காலை அவருக்கு ரெண்டாம் நம்பர். சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போகவில்லை. மகளை ஜன்னலுக்கு இழுத்து வந்து, அவள் கீழ் இமையைத் தாழ்த்தி, அட்டையை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு கட்டத்திலும் பொருந்தவில்லை. "ம்ஹும்" என்று தலையாட்டிவிட்டு, அலமாரியைத் திறந்து சிவப்பு அட்டையைத் தேடத் தொடங்கினார்.