வலது பின் மூலை

இது கதை கட்டிச் சொல்வது இல்லை. சந்தேகம் இருந்தால் செம்பாக்கத்தில் அந்த மாடி அறையைப் போய்ப் பாருங்கள். சாவி இன்னும் கதவிலேயே தொங்குகிறது.

பென்னி நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் உதறிவிட்டுச் சும்மா கிடந்தவன். நண்பன் ஜமீர்தான் அவனை அந்த மாடி அறையில் இருந்த தன் ஒலிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டான். படக் காட்சிகளுக்கு, கேட்பவரைச் சுற்றிலும் சத்தங்களைப் பொருத்தி வைக்கும் வேலை. தலைக்கு மேலே மழை, இடப்பக்கம் பஸ், முதுகுக்குப் பின்னால் ஆட்டோ. முதல் நாளே ஹெட்போனை மாட்டிவிட்டுப் பாடம் நடத்தினான் ஜமீர்.

"ஷிஃப்ட்ல தூங்குன மூஞ்சி, இங்கயாச்சும் முழிச்சிகினு கேளு. தலைய திருப்பு மச்சான். சத்தம் நின்ன எடத்துலயே நின்னா அது ரூமுல கீது. உன்கூடவே திரும்புச்சுன்னா, உன் மண்டைக்குள்ள கீது."

எல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஆனால் வலது பின் மூலையில் மட்டும் எந்தச் சத்தத்தையும் வைக்க மாட்டான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். அவன் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். வேலை அதிகம் போல என்று பென்னி நினைத்துக்கொண்டான்.

போன மாதம் திடீரென்று ஜமீர் சாவியை நீட்டினான். தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தான். இனிமேல் இது உன் சீட்டு என்றான். பென்னிக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் அவனை நம்பி எதையும் கொடுத்ததில்லை.

மறுநாள். ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தக் காட்சி, பண்டிகைக் கூட்டம். காலியாகக் கிடந்த அந்த மூலையில் பென்னி ஒரு பூக்காரியின் குரலை வைத்தான்.

குரல் இடப்பக்கம் கேட்டது.

மூலைக்கே நகர்த்தினான். மறுபடியும் இடப்பக்கம். மூலையில் ஏற்கெனவே யாரோ நிற்பது போல...

அப்புறம் அந்த மூலையிலிருந்து கேட்டது.

"ச்சு."

யாரையோ பார்த்துப் பாவப்படும் சத்தம்.

எல்லாவற்றையும் நிறுத்தினான்.

"ச்சு."

தலையைத் திருப்பினான். சத்தம் அதே மூலையில் நின்றது. ஹெட்போனைக் கழற்றினான்.

"ச்சு... ச்சு..."

கொஞ்சம் பக்கத்தில்.

ஓடினான். தாம்பரம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஜமீருக்குப் போன் போட்டான். எடுத்தது ஜமீரின் மனைவி அஃப்ஷான். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நேத்து ராத்திரிலேர்ந்து தூங்குறாருண்ணா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் கண்ண மூடியிருக்காரு. எழுப்ப மனசு வரல."

பென்னி போனைக் காதோடு அழுத்தினான்.

"பென்னிகிட்ட குடுத்துட்டேன், இனிமே தூங்கலாம்னு சொன்னாரு. அப்படி என்னண்ணா குடுத்தாரு?"

"ச்சு."

போனில் இல்லை, வலது காதுக்குப் பின்னால். பென்னி தலையைத் திருப்பினான்.

சத்தமும் கூடவே திரும்பியது.