விதைக்கடலையில் அரைத்த பீனட் பட்டர்

கடலைக்காய் விளைகிற வீட்டுக்கே கடலைக்காயை பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தவர் என் அத்தைதான். அப்பாவின் ஒரே தங்கை. அமெரிக்காவிலிருந்து மகளை மட்டும் அழைத்துக்கொண்டு ஆனி மாதக் கடைசியில் புதுச்சத்திரத்தில் வந்து இறங்கினார். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். ஆடி முடிவதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் துணிமணிக்கு முன்னால் அந்த பாட்டில்தான் வெளியே வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நம்மூட்ல இல்லாத கடலக்காயா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அவருக்கு அது கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை மகளுக்கு எட்டு. அவளுக்கு இட்லி ஆகாது, ராகிக் களியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று வேளையும் ரொட்டிதான். ஒரு துண்டில் அந்த பீனட் பட்டரைத் தடவி, இன்னொன்றில் ஜெல்லியைத் தடவி, இரண்டையும் ஒட்டிச் சாப்பிடுவாள். ஜெல்லிக்கு எங்கே போவது? அப்பா ரோட்டோர பேக்கரியில் ஜாம் வாங்கிவந்தார். அதைப் பார்த்துவிட்டு அவள் எனக்கு ஒரு பாடமே நடத்தினாள். லண்டனில் இருந்தபோது இதற்கு ஜாம் என்று பெயராம். அங்கே போய் ஜெல்லி கேட்டால் கிண்ணத்தில் தளதளவென்று ஆடுகிற ஒன்றைக் கொடுப்பார்களாம். அமெரிக்காவுக்குக் குடிபோனதும் இதையே ஜெல்லி என்று மாற்றிச் சொல்லப் பழகினாளாம். ஆரஞ்சுத் தோல் கிடந்தால் அது மார்மலேடு. பழம் முழுசாகக் கிடந்தால் அதற்கு வேறு பெயர். எனக்குத் தலை சுற்றியது.

"பேரு என்னவோ இருந்துட்டுப் போவுது. பழத்தையும் சக்கரையையும் போட்டுக் கெளர்றதுதான?" என்று அம்மா ஒரே வரியில் எல்லா நாட்டையும் முடித்துவைத்தாள்.

பத்தே நாளில் பாட்டில் தீர்ந்தது. அதன்பின் அவள் பாலைத் தவிர எதையும் தொடவில்லை. அத்தை தட்டோடு பின்னாலேயே அலைந்தார். "ரெண்டே ரெண்டு வாய் சாமி" என்று கெஞ்சினார். ஒருநாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரே அழுதார். பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. அப்பா நாமக்கல் முழுக்கத் தேடி ஒரு பாட்டில் வாங்கிவந்தார். திறந்தால் உள்ளே பருப்பு நறநறவென்று துண்டு துண்டாக இருந்தது.

"இது எங்க அப்பா சாப்பிடறது. எனக்கு வழவழன்னு இருக்கணும்" என்று அவள் அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள். அவர்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்குமாம், அவள் அப்பாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

கடலைக்காய்க்காரர் மகள் நான். என்னால் முடியாதா என்று ஒரு வீம்பு எனக்குள் புகுந்துவிட்டது. வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் மூன்று நாளாகப் பெண்கள் உட்கார்ந்து விதைக்காய் உரித்திருந்தார்கள். மிஷினில் போட்டால் தோல் சிராய்ந்து முளைக்காது என்பதால் விதைக்கு மட்டும் கையால்தான் உரிப்போம். உரித்ததிலும் சொத்தை, சூம்பல், உடைசல் எல்லாம் பொறுக்கித் தள்ளியாயிற்று. மூட்டையில் ஒவ்வொரு பருப்பும் ரோஜா நிறத்தில் கொழுகொழுவென்று இருந்தது. சமையலறை டின்னில் சட்னிக்கான கடலை இருக்கத்தான் செய்தது, எல்லாம் உடைசல். விருந்தாளிக்கு யாராவது உடைசலைப் போடுவார்களா? பெரியவர்கள் உழவு பார்க்கக் காட்டுக்குப் போயிருந்த நேரம், மூட்டையில் படியை விட்டு அள்ளினேன்.

முதல் படி கருகிப்போயிற்று. இரண்டாவது படி நறநறத்தது. அவள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மூன்றாவதை இளஞ்சிவப்பாக வறுத்து, தோலைப் புடைத்து, மிக்ஸி சூடேறும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி அரைத்து, ஒரு கரண்டி கடலை எண்ணெயும் விட்டேன். அது குழைந்து வழவழவென்று ஆயிற்று. அவள் மூன்று ரொட்டி தின்றாள். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

அப்பா வாசலில் கால் வைத்ததுமே வாசனையைப் பிடித்துவிட்டார். நேரே போய் மூட்டையைப் பார்த்தார். உள்ளே கிடந்த படியைப் பார்த்தார்.

"வெதையில கை வெச்சுட்டியே!" என்று கையை ஓங்கினார். ஓங்கிய கைக்கு நேர் எதிரே அத்தை மகள் வாயெல்லாம் பீனட் பட்டரோடு நாலாவது ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கை மெதுவாக இறங்கிற்று. அவர் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். அடி விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் விதைப்பு. பெய்திருந்த மழைக்கு ஊரே ஏர் பூட்டியிருந்ததால் யாரிடமும் விதை கேட்க முடியாது. கணக்காக எடுத்து வைத்த விதை, மேற்கு வரப்போரம் ஒரு துண்டு நிலத்தை விட்டுவிட்டுத் தீர்ந்துபோனது. உழுத ஈரத்தோடு சும்மா கிடந்த அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு அப்பா நின்றார். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். மிச்சமிருக்கும் அடி இப்போது விழும் என்று நிச்சயமாக நம்பினேன்.

"அண்ணா, அது சும்மா கெடக்க வேண்டாமுங்க. தொவர குடுங்க, நா ஊனிக்கறேன். களையெடுக்கறது, காவ காக்கறது எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றார் அத்தை.

அப்பா திரும்பி அவர் முகத்தையே பார்த்தார்.

"தொவர வர்றதுக்குத் தையி ஆயிருமே சாமி" என்றார்.

"ஆவட்டுமுங்க" என்றார் அத்தை.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விதைத் துவரை எடுத்துவர வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

என் குற்றத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு உயிர் வந்தது. ஆடிக்கும் தைக்கும் நடுவே எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த வயதுதான். எண்ணத்தான் தோன்றவில்லை. பாவம், அமெரிக்காவில் துவரம்பருப்பு கிடைக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.