தோப்போடு ஆடிய தென்னை

நிற்கிற படத்தை வலைத்தளத்தில் ஆட விடுவது என் தொழில்; ஆட்டம் என்னவோ நொடி நேரம்தான், அதற்கு முன் படத்தை அக்கக்காகக் கழற்றி வைப்பதற்குள் நம் இடுப்பு கழன்றுவிடும். நான் கல்லூரிப் பக்கம் போனதில்லை. தஞ்சாவூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் திட்டு வாங்கியே கற்றவள், இன்று சொந்தக் கடை. இதே பிழைப்பில் மாட்டியிருப்பவர்களே, பட்டுக்கோட்டை பாய் கதையைக் கேளுங்கள், உங்களுக்கும் வலிக்கும்.

ஸ்டிக்கர் கடைப் புண்ணியம்

தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஜமால் பாய், வெளிநாட்டு வியாபாரத்துக்காக வலைத்தளம் போட்டார். முகப்பில் அவர் கடைச் சின்னமான தென்னைமரம் அசைய வேண்டும். லேப்டாப்போடு மண்டிக்கே போனேன். "படம் ரெடியா இருக்கும்மா, ஆட்டி விட்டாப் போதும்" என்று பென் டிரைவை நீட்டினார்.

திறந்தால் ஓலை, குலை, தண்டு, தரை எல்லாம் ஒரே துண்டு. வேன் கதவுக்கு ஸ்டிக்கர் வெட்ட வரைந்த படம். வெட்டுகிற கத்தி ஒரே ஓட்டமாக ஓட வேண்டுமென்று எல்லாவற்றையும் ஒட்டிவிடுவது எங்கள் பக்கத்து ஸ்டிக்கர் கடை வழக்கம். இருப்பதை அப்படியே ஆட்டிக் காட்டினேன்; மரத்தோடு தரையும் சேர்ந்து ஆடியது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, காத்தடிச்சா மரம் ஆடும். தோப்பேவா ஆடும்?"

உரித்த காய்

ஓலை ஓலையாகப் பிரித்து வரைய வேண்டும், கூலி இவ்வளவு என்றேன். "இருக்கிற படத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு? பாதி வாங்கிக்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மட்டையோட இருக்கிற காயும் உரிச்ச காயும் உங்க மண்டியில ஒரே விலையா பாய்?"

காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கேட்டதில் ஒரு ரூபாய் குறையவில்லை. கூடவே பட்டமும் கிடைத்தது: "உனக்குக் கடப்பாரையே வேணாம்மா, வாயாலேயே உரிச்சிடுவ."

பறந்த ஓலை

என் கடையில் வேலை பார்க்கும் செல்வி, ஓலைகளைச் சுத்தமாகப் பிரித்துவிட்டாள். ஆனால் ஒவ்வோர் ஓலையும் எந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்தாள். சொல்லாவிட்டால் அது ஓலையின் நடுவயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் தண்டை விட்டுக் கழன்று, ஓலையெல்லாம் காற்றாடி போலச் சுற்றியது. என்னிடம் காட்டாமல் பாய்க்கு அனுப்பியும்விட்டாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே அடங்கியது. "கத்துற நேரத்துல நாலு ஓலையை மாத்தியிருக்கலாம்க்கா" என்றாள் அவள். சரிதான், உட்கார்ந்து, தண்டோடு சேருமிடத்துக்குப் புள்ளிகளை மாற்றினோம். அதற்குள் பாயின் ஃபோன்: "புயலுக்கே விழாத மரம்மா அது. உன் கடையில வந்து விழுந்துடுச்சே!"

ஜும்மா வரைக்கும்

துபாயில் இருக்கும் பாயின் மகன் ரியாஸ், ஓலைக்குப் பின்னால் புகை மாதிரி நிழல் கேட்டான். போட்டேன். வலைத்தளத்துக்கு மாற்றியதும் கோடாக இருக்க வேண்டிய நிழல் மொத்தமும் கனமான போட்டோவாக மாறி, கோப்பு வீங்கி, ஃபோனில் மரம் விறைத்து நின்றது. "இங்க ஒரு கம்பெனிக்கிட்ட குடுத்துடலாம் அத்தா, பெரிய பார்ட்டி பார்க்கப் போறாங்க" என்று அவன் சொல்லிவிட்டான். இந்த வேலை கைமாறினால் பட்டுக்கோட்டை மண்டிகளில் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடியட்டும் பாய். அப்பவும் ஆடலேன்னா நானே விலகிக்கிறேன்" என்றேன். புகையைத் தூக்கி எறிந்துவிட்டு, நிழலை வெறும் கரும்பச்சைத் துண்டுகளாக வரைந்தேன். வரைந்த கோடுகளின் ஓரங்களில் ஈ மொய்த்த மாதிரி கிடந்த வேண்டாத புள்ளிகளைக் களைந்தேன். கோப்பு இளைத்துவிட்டது.

தொழுகை முடிந்து பாய் என்னைத் தோப்புக்கு அழைத்துப் போய், அங்கேயே தன் பழைய ஃபோனில் திறந்தார். சிக்னல் மூச்சு வாங்கியது. சித்திரை வெயில், சுற்றி ஓர் ஓலை அசையவில்லை. ஃபோனில் மட்டும் மரம் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. பாய் அதைப் பார்த்தார், தோப்பை நிமிர்ந்து பார்த்தார், துபாய்க்குக் கூப்பிட்டார்: "ரியாஸ், அந்தக் கம்பெனிக்காரனை வேணாம்னு சொல்லிடு. நம்ம தோப்புல இப்ப ஆடுற ஒரே மரம் இந்தப் பொண்ணு வச்சதுதான்."

வாய்க்காரி என்ற பெயர் பட்டுக்கோட்டை வரை போய்விட்டது, போகட்டும். என் கடையில் பிரித்த ஓலை துபாய் வரை போயிருக்கிறதே.