திருத்துகிறவள்

பதினோரு வருடமாக அவள் வேலை, கொதித்துப்போய் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது. டிக்கெட் வராதவர், விமானத்தைத் தவறவிட்டவர் எல்லோரும் அந்தப் பயண நிறுவனத்தின் இணைய சாட்டில்தான் வந்து கோபத்தைக் கொட்டுவார்கள். யாருக்கும் அடங்காத ஆள் என்றால் அவளிடம் தள்ளிவிடுவார்கள். பிரிவில் நாற்பது பேர்.

ஒருநாள் மேலாளர் வேலையை மாற்றினார். இனி பதிலை மென்பொருள் எழுதும்; இவர்கள் சரி, தவறு என்று குறித்து, தவறைத் திருத்த வேண்டும். முதல் மாதம் அது உளறியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மகன் இறந்ததால் பயணத்தை ரத்து செய்தவருக்கு, "பயணம் இனிதாக அமையட்டும்" என்று எழுதியிருந்தது. அவள் அதை அழித்துவிட்டு நான்கு வரி எழுதினாள். சில வாரம் கழித்து இன்னொரு துக்கச் செய்திக்கு அந்த நான்கு வரியையே அது எழுதியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பது பேர் பதினெட்டு ஆனார்கள்.

பக்கத்து இருக்கைக்காரனுக்குத் 'தோழர்' என்று பட்டப்பெயர். சாப்பிடும்போதும் உபரி உழைப்பு, முதலாளி என்று ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, முன்னாடி நம்ம உழைப்பத்தான் எடுத்துக்கிட்டாங்க. இப்ப உழைக்கத் தெரிஞ்சதையே உருவுறாங்க. அது கைமாறிட்டா நாம எதுக்கு?"

"தப்புத் தப்பாக் குறிச்சா?"

"எல்லாரும் சேந்து செஞ்சாதான்க்கா நடக்கும்."

யாரும் சேரவில்லை. அவரவர் பாடு அவரவருக்கு. அவள் மட்டும் ஒரு வாரம், யாரிடமும் சொல்லாமல், நல்ல பதில்களைத் தவறென்று குறித்தாள். ஒரே பதிலைப் பிரிவில் இரண்டு பேரிடம் குறிக்கக் கொடுத்து ஒப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டது அவளை அல்ல, தோழரை. அவனுடைய குறிப்புகள் அவளுடையதோடு ஒத்துப்போகவில்லையாம். மதியத்துக்குள் அவன் இருக்கை காலி.

அவள் மேலாளர் அறைக்குப் போனாள். "தப்பு என்னோடது சார். வேணும்னேதான் மாத்திக் குறிச்சேன்."

அவர் சிரித்தார். "நல்ல மனசு மேடம் உங்களுக்கு. ஆனா அவருக்காக இப்படிப் பொய் சொல்லாதீங்க. உங்கள வச்சுதான் மத்தவங்களையே அளக்கிறோம்."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. வாசலில் நின்று தோழருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"தனியா செஞ்சுட்டீங்களேக்கா," என்றான். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை அவன் பங்கு வேலையும் அவள் திரைக்கே வந்தது. இனி யார் தலை உருளுமோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள். எல்லாவற்றையும் உள்ளபடியே சரியாகக் குறித்தாள்.