பிரேக் மாஸ்டரும் பின்சீட்டு வாடையும்

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவருக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். பிரேக் மாஸ்டரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்பு செய்வதற்கு முன்பே அதை மிதித்துவிட்டு, "பிரேக்! பிரேக்! கால வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கத்துவார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கத்தல்தான் பிழைப்பு. பெயரும் அதிலிருந்தே ஒட்டிக்கொண்டது.

காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. ஒருவர் தன் வீட்டு வாசலில் இறங்குவார், அடுத்தவர் அங்கேயே ஏறிக்கொள்வார். இப்படிப் பகல் ஒரு மணி வரை ஏழு பேர். நடுவில் இறங்கி ஒதுங்க நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. அதனால் மாஸ்டர் எழுந்ததிலிருந்து ஒரு மணி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் செய்வதை மாஸ்டர் பெருமையாகச் செய்தார். "தண்ணி குடிச்சா வண்டிய நிறுத்தணும். வண்டிய நிறுத்துனா பாடம் கெடும்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

பின்சீட்டில் அவருடைய நாய் படுத்திருக்கும். குட்டியாக வந்தபோது ஓயாமல் கத்தியதால் ஹாரன் என்று பெயர் வைத்தார்கள். மாஸ்டரின் மனைவி எட்டு மணிக்குத் தையல் கம்பெனிக்குப் போய்விடுவார். தனியாக விட்டதில் ஹாரன் சோபாவில் பாதியைத் தின்று தீர்த்தது. அன்றிலிருந்து நாலு வருடமாக அதற்குக் காரில்தான் பகல் பொழுது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் அதைப் பிடித்துவிட்டது. கியர் சரியாக விழுந்தால் தூங்கும். வண்டி குலுங்கினால் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கும். மாஸ்டரின் கத்தலைவிட அந்தப் பார்வைக்குத்தான் பலரும் கூசினார்கள்.

ஹாரனும் மாஸ்டரின் சட்டத்துக்கே வந்து சேர்ந்தது. காலையில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுவார். ஒரு மணி வரை அதைக் காரிலிருந்து இறக்குவதும் கிடையாது. முதல் மாதம் முனகிப் பார்த்தது, அதட்டினார், அடங்கிவிட்டது. "வாயில்லாத ஜீவன் ஏழு மணி நேரம் அடக்குது, உன்னால ஒரு ஸ்டியரிங்க அடக்க முடியல" என்று ஏழு பேரிடமும் சொல்லிக்காட்டுவார். கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது. அவருக்கு அது ஒழுக்கமாகவே தெரிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் வாடை கிளம்பியது.

முதலில் சொன்னவர் எட்டு மணி வகுப்புக்கு வரும் வங்கிக் காசாளர் அம்மா. "மாஸ்டர், பின்னாடி ஏதோ நாறுது" என்று ஜன்னலை இறக்கினார். "ரோட்டப் பாரும்மா, மூக்க அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மாஸ்டர். ஆனால் அவருக்கும் அடித்தது. கண்ணைக் கரிக்கிற வாடை. பின்சீட்டு உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நாலு வருடத்தில் ஒரு சொட்டு விட்டதில்லை ஹாரன்.

வீட்டுக்குப் போய் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "மீனைப் போட்டு வளக்குற நீ. அதான் இப்படி நாறுது."

"மீன் போன மாசம் போட்டது. அது சரியாத் தண்ணி குடிக்குதான்னு பாருங்க."

"தண்ணியா? இருக்குறத வச்சே சீட்டுல விடுது!"

மறுநாள் மனைவியின் சித்தப்பா வந்து, உடம்புச் சூடு என்றார். எதிர்வீட்டுக்காரர், பெட்டை நாய் வாடை கண்டிருக்கும், ஆண் நாய் அப்படித்தான் அங்கங்கே விடும் என்றார். மாஸ்டர் எல்லோரையும் ஏசிவிட்டு, எல்லோர் சொன்னதையும் செய்து பார்த்தார். மீன் நின்றது. இரண்டு வேளை தயிர்ச்சோறு. சீட்டு உறையை மூன்று தடவை சோப்புப் போட்டு அலசினார். கண்ணாடியில் ஒரு சென்ட் அட்டையைத் தொங்கவிட்டார். இப்போது காருக்குள் எலுமிச்சையும் மூத்திரமும் சேர்ந்து அடித்தன. இரண்டு பேர் வகுப்பை நிறுத்திக்கொண்டார்கள். அந்த எரிச்சலில் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். குடித்தால்தானே போகும் என்று, முந்தின ராத்திரியே கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிட்டார். செய்ய வேண்டியது எதுவோ அதற்கு நேர் எதிர்.

வாடை இரட்டிப்பானது.

வாடை கிளம்பிய ஏழாம் நாள், ஒரு மணிக்கு ஹாரனை இறக்கினார். சுவரோரம் காலைத் தூக்கியது, ஒன்றும் வரவில்லை. இடம் மாறித் தூக்கியது, மறுபடியும் இல்லை. "சீக்கிரம்டா, வெயில்ல நிக்க வைக்கிறியே!" என்று கத்தினார். அது முக்கி முக்கி இரண்டு சொட்டு விட்டது. சிமெண்டுத் தரையில் அது செங்காவி நிறத்தில் கிடந்தது. ரத்தம் என்று மாஸ்டருக்குப் புரிந்தது. நாயைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, தானே கற்றுக்கொடுத்த சட்டம் எல்லாவற்றையும் மீறி ஓட்டினார்.

ஹாரனின் வயிற்றை அழுத்திப் பார்த்ததும் கால்நடை டாக்டர் அம்மாவின் முகம் மாறியது. "எத்தனை நாளா நாறுது?"

"ஒரு வாரம். சாப்பாட்டுல ஏதோ..."

"சாப்பாடு மாறினாலும் நாறும். சர்க்கரை, கிட்னி, இன்ஃபெக்‌ஷன், எதுவா இருந்தாலும் வாடை மாறும். நாறுனா உடனே காட்டணும். இப்ப கல்லு வந்து அடைச்சு நிக்குது, மூத்திரப் பை வீங்கிக் கிடக்கு. நாளைக்கு வந்திருந்தா என்கிட்ட கொண்டுவந்து பிரயோஜனமே இல்ல. தண்ணி எவ்வளவு குடிக்கும்?"

"கிளாஸ் நேரத்துல நாங்க தண்ணி குடிக்கிறதில்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "நாங்கன்னா?"

"நானும் அதுவும்."

"ஒண்ணுக்கு?"

"ஒரு மணிக்குத்தான். ஏழு மணி நேரம் அடக்கும், நல்ல பழக்கம்." பழக்கம் என்று சொல்லும்போதே மாஸ்டரின் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "கல்லுக்கு வேற காரணமும் இருக்கலாம், நான் உங்களையே சொல்லல. ஆனா தண்ணியில்லாம, போகவும் விடாம இருந்தா மூத்திரம் கெட்டியாகும், நாறும், கிருமி சேரும். நீங்க அடக்குனது உங்க இஷ்டம் சார். அது ஏன் அடக்கிச்சு? நீங்க சொன்னீங்கன்னு அடக்கிச்சு."

இருபத்திரண்டு வருடத்தில் எல்லாத் தப்புக்கும் பக்கத்து சீட்டில் ஓர் ஆள் இருந்தார். இப்போது பழி போட யாருமில்லை. மாஸ்டர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் இருந்தார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

குழாய் போட்டுக் கல்லைப் பின்னுக்குத் தள்ளி, பையைக் கழுவி, மூன்று நாள் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். நாலாம் நாள் காலையில் டாக்டர் குழாயை எடுத்துவிட்டு, "வெளிய கூட்டிட்டுப் போங்க. தானா போச்சுன்னா கல்லு கரைய மருந்து குடுக்கலாம். மறுபடி அடைச்சுதுன்னா உடனே ஆபரேஷன்தான். இந்த உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார்.

மணி எட்டு. ஆஸ்பத்திரி வாசலில் பயிற்சிக் கார் நின்றது. ஹாரன் தள்ளாடிப் போய் முன்சக்கரத்தை முகர்ந்தது. காலைத் தூக்கவில்லை. திரும்பி மாஸ்டரின் முகத்தைப் பார்த்து நின்றது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒரு மணி ஆகவில்லையே என்று அவர் உத்தரவுக்காக நிற்கிறது.

"போடா" என்றார். "போடா ராசா. எப்ப வேணும்னாலும் போ, எங்க வேணும்னாலும் போ."

காலைத் தூக்கியது. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு மூத்திரம் சர்ரென்று பாய்ந்து சக்கரம் முழுக்க நனைத்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மாஸ்டர் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. காசாளர் அம்மா. "மாஸ்டர், எட்டு மணி ஆச்சு, இன்னைக்காவது கிளாஸ் இருக்கா இல்லையா?"

"இரும்மா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார் மாஸ்டர். "நாய் ஒண்ணுக்குப் போய்ட்டிருக்கு!"